லைசோசைம் போட்டும் கரையாத பாக்டீரியா: நொதி எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது?

கேள்வி: முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். பாக்டீரியாவின் சுவரை வெட்டும் நொதியான லைசோசைமைக் கோழி முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுத்து மூன்று பாக்டீரியாக்களில் சோதித்தேன். மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் கலங்கல் ஐந்து நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டது. ஈ. கோலையும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் அரை மணி நேரம் ஆகியும் அப்படியே இருந்தன. நொதியைப் பத்து மடங்கு கூட்டினேன். ஈ. கோலையில் மாற்றம் இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸில் கலங்கல் கொஞ்சம் இறங்கியது. நொதி கெட்டுவிட்டதா? இரண்டும் ஒரே வழியில்தான் தப்பிக்கின்றனவா? இவற்றை ஒன்றும் செய்ய முடியாத நொதியைக் கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் உடம்பு ஏன் சுரக்கிறது?

பதில்: நொதி கெடவில்லை. மைக்ரோகாக்கஸ் தெளிந்ததே அதற்குச் சாட்சி. ஆனால் குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. லைசோசைமுக்கு மைக்ரோகாக்கஸ் அளவுக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும் பாக்டீரியா மிக அரிது. அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் 1922-இல் இந்த நொதியைப் பற்றி எழுதியபோது, அது கரைத்துக் காட்டிய மைக்ரோகாக்கஸுக்குக் கிடைத்த பெயரே 'லைசோடெய்க்டிகஸ்'. கரைதலைக் காட்டுவது என்று பொருள். நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பல அப்படிக் கரைவதில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. மைக்ரோகாக்கஸை அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விதிவிலக்காகத் தெரியும். உண்மையில் விதிவிலக்கு மைக்ரோகாக்கஸ்தான்.

இரண்டும் ஒரே வழியில் தப்பிக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஈ. கோலையில் நொதி சுவரைத் தொடவே இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸில் சுவரைத் தொடுகிறது, ஆனால் வெட்ட முடியவில்லை. நோட்டில் இரண்டுக்கும் நேராக 'எதிர்ப்பு' என்று ஒரே சொல்லை எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். நொதி எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில் நொதியின் வேலை. பாக்டீரியாவின் செல் சுவர் பெப்டிடோகிளைக்கான் என்ற வலை. என்-அசிட்டைல்குளுக்கோசமைன், என்-அசிட்டைல்மியூராமிக் அமிலம் என்ற இரண்டு சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நூல்கள் ஓடும். நூல்களைக் குறுக்கே சிறு பெப்டைடுகள் தைத்திருக்கும். லைசோசைமின் பள்ளத்தில் ஆறு சர்க்கரைகள் வரிசையாகப் பொருந்துகின்றன. மியூராமிக் அமிலத்தின் முதல் கார்பனுக்கும் அடுத்த குளுக்கோசமைனின் நான்காம் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பை அது வெட்டுகிறது. கோழி லைசோசைமில் 129 அமினோ அமிலங்கள், எடை சுமார் 14,300 டால்டன். வெட்டும் வேலை 35-ஆம் இடத்து குளுட்டாமிக் அமிலத்தையும் 52-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தையும் நம்பியிருக்கிறது. 1965-இல் டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர் எக்ஸ்-கதிர் மூலம் வடிவம் கண்ட முதல் நொதி இதுதான்.

பாடத்தில் விட்டுப்போகும் ஒன்று உண்டு. லைசோசைம் வலுவான நேர்மின் புரதம். அதன் சம மின்புள்ளி, அதாவது மொத்த மின்னூட்டம் சுழியாகும் பிஎச், 11-ஐ ஒட்டி இருக்கிறது. அதனால் எதிர்மின் கொண்ட பாக்டீரியா மேற்பரப்பில் ஒட்டி, சவ்வையும் கலைக்கிறது. வெட்டும் திறனை இழந்த லைசோசைம்கூடச் சில பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆகவே பாக்டீரியா கத்தியையும் தடுக்க வேண்டும், மின்னூட்டத்தையும் தடுக்க வேண்டும். கீழே வரும் தற்காப்புகள் பல அடுக்குகளாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி ஈ. கோலை. இதன் பெப்டிடோகிளைக்கான் மெல்லியது. லைசோசைம் தாராளமாக வெட்டக்கூடியது. ஆனால் அதற்கு மேலே வெளிச்சவ்வு இருக்கிறது. அதில் உள்ள, 'போரின்' என்ற புரதங்களால் ஆன துளைகள் ஏறக்குறைய 600 டால்டன் வரையிலான பொருள்களைத்தான் விடும். 14,300 டால்டன் புரதத்துக்கு அங்கே வழியில்லை. நீங்கள் பத்து மடங்கு கூட்டினாலும் நூறு மடங்கு கூட்டினாலும் கதவு பூட்டியேதான் இருக்கும். வெளிச்சவ்வின் மேலடுக்கில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறுகளை மெக்னீசியம், கால்சியம் அயனிகள் ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கின்றன. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் அந்த அயனிகளைப் பறித்துக்கொண்டால் சவ்வு தளரும்.

இதைச் சோதிக்கும் முறை: வேகமாகப் பெருகும் நிலையில், 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி (கலங்கலின் அளவு) 0.5 முதல் 0.8 வரை இருக்கும்போது செல்களை எடுங்கள். மையவிலக்கில் சுழற்றி, வளர்ப்பு ஊடகத்தை முழுவதும் நீக்குங்கள். ஊடகத்தில் மிஞ்சும் மெக்னீசியம் ஈடிடிஏவைத் தின்றுவிடும். 20 சதவீத சுக்ரோஸ் சேர்த்த 30 மில்லிமோலார் டிரிஸ் பஃபரில், பிஎச் 8.0-இல், செல்களைக் கலக்குங்கள். நான்கு குழாய்கள் வேண்டும்: எதுவும் சேர்க்காதது, லைசோசைம் மட்டும், ஈடிடிஏ மட்டும், இரண்டும் சேர்ந்தது. லைசோசைம் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஈடிடிஏ 5 மில்லிமோலார் போதும். அறை வெப்பத்தில் 15 முதல் 30 நிமிடம்.

நான்காவது குழாயிலும் கலங்கல் குறையவில்லை என்று இந்த இடத்தில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். குறையாதுதான். சுக்ரோஸ் இருப்பதால் சுவர் போன செல்கள் வெடிக்காமல் உருண்டையாக நிற்கும். ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள்: கோல்கள் கோளங்களாக மாறியிருந்தால் நொதி வேலை செய்துவிட்டது. பிறகு ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு தண்ணீரில் சேருங்கள். கோளங்கள் உடைந்து கலங்கல் சட்டென்று இறங்கும். நீர்த்ததால் மட்டும் எவ்வளவு இறங்கும் என்பதை முதல் குழாய் சொல்லும். முதிர்ந்த, பெருக்கம் நின்ற செல்களை எடுத்தால் முடிவு மந்தமாக இருக்கும். ராத்திரி முழுக்க வளர்த்த கலங்கலை அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

வெளிச்சவ்வைத் திறந்த பிறகும் ஈ. கோலையிடம் இன்னொரு காவல் இருக்கிறது. வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையிலுள்ள பெரிபிளாசத்தில் ஐவி என்ற புரதம் காத்திருக்கும். முதுகெலும்பிகளின் லைசோசைமைத் தடுப்பது என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். அது தன் ஒரு வளையத்தை லைசோசைமின் பள்ளத்துக்குள் செருகி, வெட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. 2001-இல் இது கண்டறியப்பட்ட பிறகு மேலும் சில கிடைத்தன. பெரிபிளாசத்தில் இருக்கும் ப்ளிக்-சியும் சவ்வில் பதிந்திருக்கும் எம்லிக்-சியும் கோழி வகை லைசோசைமைத் தடுக்கின்றன. ப்ளிக்-ஜி வாத்து வகையை. ப்ளிக்-ஐ முதுகெலும்பற்றவற்றின் வகையை. விலங்குகளிடம் லைசோசைமின் முக்கிய வகைகள் இந்த மூன்றுதான். மூன்றுக்கும் பாக்டீரியாவிடம் தனித்தனிப் பூட்டு இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிக அழகாகத் தோன்றும் செய்தி இது.

ஐவி மரபணுவை நீக்கிய ஈ. கோலையைச் சாதாரணமாகச் சோதித்தால் வேறுபாடு தெரியாது. வெளிச்சவ்வைத் தளர்த்திய பிறகுதான் அது மூல வகையைவிட எளிதில் சாகிறது. மரபணு நீக்கிய வகை உங்களுக்குக் கிடைத்தால் இதை மறக்க வேண்டாம். ஈடிடிஏ இல்லாமல் சோதித்துவிட்டு 'ஐவிக்குப் பங்கில்லை' என்று எழுதினால் அது பிழை. முதல் கதவு பூட்டியிருக்கும்போது இரண்டாவது கதவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வருவோம். இதற்கு வெளிச்சவ்வு கிடையாது. தடித்த சுவர் வெட்டவெளியில் இருக்கிறது. ஆனால் ஓட்-ஏ என்ற சவ்வு நொதி மியூராமிக் அமிலத்தின் ஆறாம் கார்பனில் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. அந்தத் துருத்தல் இருப்பதால் சர்க்கரை நூல் லைசோசைமின் பள்ளத்தில் சரியாக உட்காருவதில்லை. 2005-இல் இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. ஓட்-ஏ செயல்படாத வகை லைசோசைமுக்கு வளைந்துகொடுக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற நோய் தரக்கூடிய இனங்களில் இந்த அசிட்டைல் இருக்கிறது. உணவு நொதிப்பில் பயன்படும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கார்னோசஸில் இல்லை, அது எளிதில் கரைகிறது. உங்கள் சோதனைக்கு நல்ல ஒப்பீடு மைக்ரோகாக்கஸைவிட கார்னோசஸ்தான். ஒரே பேரினம், ஒரே மாதிரி சுவர், வேறுபாடு குறைவு.

அசிட்டைல் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. சுவரில் கோத்திருக்கும் எதிர்மின் சங்கிலிகளான டெய்கோயிக் அமிலங்களும் நெருக்கமான குறுக்குத் தையலும் நொதிக்கு இடைஞ்சல் தருகின்றன. டிஎல்டி மரபணுத் தொகுதி டெய்கோயிக் அமிலங்களில் டி-அலனினை ஏற்றி எதிர்மின்னூட்டத்தைக் குறைக்கிறது. எம்பிஆர்எஃப் என்ற புரதம் சவ்வின் கொழுப்பில் லைசினைச் சேர்த்து அங்கேயும் அதையே செய்கிறது. நேர்மின் லைசோசைமுக்கு ஒட்ட இடம் குறைகிறது. இவை முக்கியமாக மின்னூட்டத்தால் வரும் தாக்குதலுக்கு மறுமொழி. அசிட்டைல் வெட்டுக்கு மறுமொழி.

அப்படியானால் பத்து மடங்கில் கலங்கல் ஏன் இறங்கியது? கரைந்ததால் என்று முடிவு கட்டுவதற்கு முன், குழாயின் அடியைப் பாருங்கள். நேர்மின் புரதத்தை அதிகம் போட்டால் எதிர்மின் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், திரள் அடியில் தங்கும், ஒளியடர்த்தி குறையும். ஒரு செல்கூடக் கரைந்திருக்காது. குழாயை மெதுவாகக் குலுக்கினால் துகள்கள் எழும்பி அளவு மறுபடி ஏறினால் அது திரட்சிதான். நுண்ணோக்கியில் கொத்துகள் தெரியும். உயிருள்ள செல்களைத் தட்டில் எண்ணினாலும் இதே பொறி காத்திருக்கிறது: நூறு செல் கொண்ட கொத்து ஒரே காலனியாகத்தான் வளரும். நிஜமாகவே செல்கள் உடைந்திருந்தால் டிஎன்ஏ வெளியே வந்து கரைசல் பிசுபிசுக்கும், அல்லது வடித்த திரவத்தில் 260 நானோமீட்டர் உறிஞ்சல் கூடும். இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் 'கரைந்தது' என்று எழுதாதீர்கள்.

கலங்கல் சோதனைக்கான நிபந்தனைகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோகாக்கஸுக்கு வழக்கமான முறை 66 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பிஎச் 6.24, 25 டிகிரி செல்சியஸ், 450 நானோமீட்டர், நிமிடத்துக்கு 0.001 குறைந்தால் ஓர் அலகு. உப்பைக் கூட்டினால் நொதி செல்லில் ஒட்டுவது தளர்ந்து வேகம் விழும். ஆகவே மூன்று பாக்டீரியாக்களையும் ஒரே பஃபரில் கழுவி எடுக்க வேண்டும். நொதி இல்லாத குழாயையும் எப்போதும் வையுங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் தன் சொந்த சுவர் வெட்டும் நொதிகளாலேயே கொஞ்சம் கரையும். கொதிக்கவைத்த லைசோசைமைக் கட்டுப்பாட்டாக வைக்க நினைத்தால் எச்சரிக்கை: அமிலக் கரைசலில் அது கொதிப்பைப் பெரிதும் தாங்கும். செத்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் நொதி உயிரோடிருக்கலாம்.

அசிட்டைல்தானா என்று நேரடியாகக் காட்ட ஒரு வழி உண்டு. முழுச் செல்லில் செய்யாமல், எஸ்டிஎஸ் என்ற சலவைப்பொருளின் 4 சதவீதக் கரைசலில் கொதிக்கவைத்து நன்றாகக் கழுவிய சுவரில் செய்யுங்கள். ஆறாம் கார்பனின் அசிட்டைல் ஓர் எஸ்டர் பிணைப்பு. மென்மையான காரத்தில் கழன்றுவிடும். சுவரில் ஒரு பகுதியை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் சில மணி நேரம் வைத்து, நடுநிலைப்படுத்திக் கழுவுங்கள். இன்னொரு பகுதியை நடுநிலை பஃபரில் அதே நேரம் வையுங்கள். இரண்டுக்கும் லைசோசைம் கொடுத்துக் கலங்கலை ஒப்பிடுங்கள். கார பகுதி வேகமாகக் கரைந்தால் தடை எஸ்டரில் இருந்தது என்று பொருள். ஒரு குறை: டெய்கோயிக் அமிலத்தின் டி-அலனினும் எஸ்டர்தான், அதுவும் காரத்தில் போய்விடும். இதைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு, சுவரைத் தயாரிக்கும்போதே பிஎச் 8-க்கு மேலான பஃபரில் மணிக்கணக்கில் வைப்பது. சோதனை தொடங்குமுன்பே அசிட்டைல் கரைந்துபோயிருக்கும், இரண்டு குழாயும் ஒன்றாகத் தெரியும். தயாரிப்பு முழுவதும் பிஎச் 6.5-ஐ ஒட்டியே இருக்கட்டும்.

அசிட்டைல் என்றதும் விடைத்தாள்களில் வரும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் அசிட்டைலைச் சேர்க்கிறது. நிமோகாக்கஸ், லிஸ்டீரியா என்ற வேறு இரண்டு பாக்டீரியாக்கள் அதைக் கழற்றவும் செய்கின்றன. இரண்டும் வேறு வேறு இடம். நிமோகாக்கஸின் பிஜிடி-ஏ நொதி குளுக்கோசமைனின் நைட்ரஜனில் இயல்பாகவே உள்ள அசிட்டைலை நீக்கிவிடுகிறது. லைசோசைம் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி போய்விடுகிறது. அந்த இடத்தில் நேர்மின் அமினோ தொகுதி மிஞ்சி லைசோசைமைத் தள்ளுகிறது. இது அமைடு பிணைப்பு சார்ந்தது, காரச் சோதனையில் தெரியாது. இங்கே எதிர்த்திசையில் போக வேண்டும்: சுவரை அசிட்டிக் அன்ஹைட்ரைடால் மறுபடி அசிட்டைல் ஏற்றினால் லைசோசைம் வெட்டத் தொடங்கும். மைக்கோபாக்டீரியா வேறொரு சிறு மாற்றம் செய்கிறது: மியூராமிக் அமிலத்தின் அசிட்டைலில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து கிளைக்கோலைலாக மாற்றிவிடுகிறது.

இவ்வளவு நல்ல கவசம் என்றால் எல்லா பாக்டீரியாவும் சுவர் முழுக்க ஏன் போட்டுக்கொள்வதில்லை? பாக்டீரியாவும் வளரும்போது, பிரியும்போது தன் சுவரைத் தானே வெட்டித் திறந்தாக வேண்டும். ஈ. கோலை போல வெளிச்சவ்வு கொண்ட கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் இதற்குப் பயன்படுத்தும் வெட்டு நொதிகளுக்கு அதே ஆறாம் கார்பனின் ஹைட்ராக்சில் வெறுமையாக இருக்க வேண்டும். அசிட்டைல் இருந்தால் எதிரியின் கத்தியும் ஓடாது, தன் கத்தியும் ஓடாது. அதனால் நைசீரியா என்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவில் அசிட்டைல் ஏற்றும் நொதியோடு, அதைக் கழற்றும் ஓர் எஸ்டரேஸும் சேர்ந்தே இருக்கிறது.

செலவு இருப்பதால் தேவைப்படும்போது மட்டும் கவசம் எடுக்கும் பாக்டீரியாவும் உண்டு. பேசில்லஸ் சப்டிலிஸின் சவ்வில் ஆர்எஸ்ஐ-வி என்ற புரதம், சிக்-வி என்ற மரபணு இயக்கியைக் கட்டிப்போட்டிருக்கிறது. லைசோசைம் வந்து ஆர்எஸ்ஐ-வியில் நேரடியாக ஒட்டும். உடனே ஆர்எஸ்ஐ-வி வெட்டப்படும். சிக்-வி விடுபட்டு ஓட்-ஏ, டிஎல்டி மரபணுக்களை முடுக்கும். எதிரியின் ஆயுதமே எச்சரிக்கை மணியாகிறது. உங்கள் சோதனைக்கு இதில் பாடம் உண்டு: வளரும் கலங்கலில் லைசோசைமைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், முதல் அளவுகள் செல்களைத் தயார்படுத்திவிடும். ஒவ்வோர் அளவுக்கும் புதிய குழாய், ஒரே தடவையில் முழு அளவு.

உடம்பு சுரக்கும் மற்ற எதிர்ப்பு நொதிகளையும் பாக்டீரியா இப்படித் தடுக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணீரில் லைசோசைமோடு இருக்கும் சுரப்பு ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2, ஸ்டாஃபிலோகாக்கஸ் போல வெளிச்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவின் சவ்வைக் கரைக்கிறது. டி-அலனின் ஏற்றம் அதற்கும் தடை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எலாஸ்டேஸ் முதலான புரத வெட்டிகளை ஸ்டாஃபிலோகாக்கஸ் சுரக்கும் ஈஏபி குடும்பப் புரதங்கள் அடைக்கின்றன. அதே பாக்டீரியாவின் ஸ்பின் என்ற புரதம் நியூட்ரோஃபிலின் இன்னொரு நொதியான மைலோபெராக்சிடேஸை அடைக்கிறது. நியூட்ரோஃபில் வீசும் டிஎன்ஏ வலையை அதன் நியூக்ளியேஸ் அறுக்கிறது.

உங்கள் மூன்றாவது கேள்வி: பயனில்லாத நொதியை உடம்பு ஏன் சுரக்கிறது? உங்கள் குழாயில் லைசோசைம் தனியாக இருந்தது. கண்ணீரில் தனியாக இல்லை. லாக்டோஃபெரின் என்ற புரதம் அங்கே லிப்போபாலிசாக்கரைடில் ஒட்டி வெளிச்சவ்வைத் தளர்த்துகிறது. நீங்கள் ஈடிடிஏவால் செய்யும் வேலை. அப்போது லைசோசைமுக்குக் கதவு திறக்கிறது. தாய்ப்பாலிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இன்னொன்று, கொல்வது மட்டும் அதன் வேலை அல்ல. வெட்டி விழும் சுவர்த் துண்டுகளை நமது செல்களில் உள்ள நோட்-1, நோட்-2 என்ற உணரிகள் கண்டுகொண்டு மற்ற எதிர்ப்பு அணிகளை அழைக்கின்றன. லிஸ்டீரியாவின் அசிட்டைல் நீக்கியை எடுத்துவிட்டால் அது சீக்கிரம் சாவதோடு, உடம்புக்கு எளிதில் காட்டிக்கொடுக்கப்படவும் செய்கிறது. கவசம் பாக்டீரியாவைக் காப்பதோடு ஒளித்தும் வைக்கிறது.

ஸ்டாஃபிலோகாக்கஸிலிருந்து டிஎன்ஏ எடுப்பது அடுத்த வேலையாக இருந்தால் லைசோசைமைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். லைசோஸ்டாஃபின் என்ற வேறு நொதியை வாங்குங்கள். அது சர்க்கரை நூலைத் தொடுவதில்லை. பெப்டைடுகளை இணைக்கும் ஐந்து கிளைசின் பாலத்தை அறுக்கிறது. அசிட்டைல் அதற்குப் பொருட்டே இல்லை. ஒரு மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 30 நிமிடம் வழக்கமாகப் போதும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் போன்றவற்றில் அந்தக் கிளைசின் பாலம் இல்லாததால் லைசோஸ்டாஃபின் உதவாது. அங்கே மியூட்டனோலைசின் என்ற நொதி சரி, அசிட்டைல் ஏறிய சுவரையும் அது வெட்டும். ஆரியஸ் நோய் தரக்கூடியது என்பதால் உயிருள்ள கலங்கலைத் திறப்பதும் கலக்குவதும் பாதுகாப்புப் பெட்டிக்குள் நடக்கட்டும். முதலில் ஈ. கோலையின் நான்கு குழாய்ச் சோதனையைச் செய்யுங்கள். ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். அதில் இரண்டாவது குழாயில் கோல்களும் நான்காவது குழாயில் கோளங்களும் தெரிந்தால், கார்னோசஸை வரவழைத்து ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒப்பீட்டைத் தொடங்கலாம்.